ஆபரேஷனுக்கு அட்டை இருக்கிறது, மாத்திரைக்கு யார் இருக்கிறார்கள்?

நெல்லிக்குப்பத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பாவுக்கு 61 வயது, கரும்பு வெட்டும் வேலை. போன தை மாதம் நெஞ்சுவலி வந்து, புதுச்சேரி போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனாலும் வீடு திரும்புவதற்குள் கையிலிருந்து 38,000 ரூபாய் போய்விட்டது. இப்போது மாத்திரைக்கு மாதம் 2,600 ரூபாய் ஆகிறது. "அட்டை இருந்தும் கடன்தான் என்றால் அரசு எதற்கு இதில் நுழைகிறது? அந்தப் பணத்தில் கடலூர் பெரியாஸ்பத்திரியையே நன்றாக நடத்தலாமே? இல்லையென்றால் அவரவர் பாலிசி எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொள்ளலாமே?" என்று கேட்கிறார். அவர் கேட்பதெல்லாம் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. ஒரு வீட்டில் நோய் வந்தால், அரசு எது வரைக்கும் கூட வர வேண்டும்?

நான் டாக்டர் இல்லை. மருத்துவச் சமூகப் பணி படித்தவள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் 22 ஆண்டுகள் மருத்துவமனைகளில் வேலை பார்த்திருக்கிறேன். அதில் கடைசி 9 ஆண்டுகள் தனியார் மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்து, அட்டையைச் சரிபார்ப்பது, ஒப்புதலுக்கு அனுப்புவது, இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் போடுவது என்று இந்த வேலையைத்தான் செய்தேன். அதனால் பணம் எந்த வழியாக வருகிறது, எங்கே நிற்கிறது என்பது தெரியும். உங்கள் அப்பாவின் பில்லை நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த மருத்துவமனை செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. 38,000 எந்தெந்த வழியில் போயிருக்கக் கூடும் என்று மட்டும் சொல்கிறேன்.

நெஞ்சுவலியோடு வரும் நோயாளியை உள்ளே எடுக்கும்போது அட்டை பெரும்பாலும் கையில் இருக்காது. வீட்டில் பீரோவில் இருக்கும். அட்டையைக் கொண்டுவந்து, அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட்டோடு ஒப்புதலுக்கு அனுப்பிப் பதில் வருவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் எடுத்த பரிசோதனை, போட்ட ஊசி, முதல் ராத்திரி ஐ.சி.யூ. எல்லாம் "அட்டைக்கு முந்தைய செலவு" என்று பில்லாகிவிடும். அடுத்தது "இதைவிட நல்ல ஸ்டென்ட் வேண்டுமா" என்ற பேச்சு. அடுத்தது அறை. அதற்கும் மேலே, நோயாளியோடு நிற்கும் மூன்று பேருக்குச் சாப்பாடு, ஆட்டோ, நாலு நாள் கூலி போனது. இது எந்தப் பில்லிலும் வராது, ஆனால் கடனில் வரும்.

விதி தெளிவாகவே இருக்கிறது. ஒரு சிகிச்சைக்கு பேக்கேஜ், அதாவது எல்லாம் சேர்த்து ஒரே தொகை, என்று ஒப்புதல் கிடைத்துவிட்டால், அந்த பேக்கேஜுக்குள் வரும் எதற்கும் மருத்துவமனை நோயாளியிடம் தனியாகக் காசு வாங்கக் கூடாது. நடைமுறை அப்படி இருக்கவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில், ஒப்புதல் வரும் வரைக்கும் அட்டை நோயாளியிடமும் அட்வான்ஸ் வாங்கு என்று மேலிடம் சொன்னது. வாங்கினேன். ஒப்புதல் வந்த பிறகு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு, "மருந்துக்குக் கழித்துக்கொண்டோம்" என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த ரசீதில் இருந்தது என் கையெழுத்து. நான் அந்த வேலையை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இந்த அட்டை எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் பெயரில் உயிர்காக்கும் உயர்சிகிச்சைக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆட்சி மாறியதும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அது மறுபடி வந்தது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் என்ற தன் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடு இரண்டையும் இணைத்து நடத்தியது. இப்போது ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்றிதழ் வேண்டும். பிரீமியம் முழுக்க அரசு கட்டுகிறது. இரண்டு கட்சி ஆட்சியிலும் கைவிடாமல் வளர்ந்த திட்டம் இது. அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால் பெயரிலேயே உயர்சிகிச்சை என்று இருந்ததைக் கவனியுங்கள். பிறக்கும்போதே இது பெரிய ஆபரேஷனுக்கான திட்டம். வெட்டுவது, தைப்பது, அடைப்பு எடுப்பது, டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை. தினமும் போடும் மாத்திரை இதன் கண்ணில் பட்டதே இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர்கள் இரண்டு சகோதரிகள். தங்கை ரெட்டிச்சாவடி பக்கம், கடலூர் மாவட்டம். அக்கா கல்யாணமாகிப் போன இடம் பாகூர், புதுச்சேரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. அந்தப் பக்கத்து எல்லை எப்படிப் பின்னிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வயலின் வரப்பு தமிழ்நாடு, அடுத்த வரப்பு புதுச்சேரி. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இருவருக்குமே இதய வால்வு சுருங்கியிருந்தது. 2019இல் ஒரு வருட இடைவெளிக்குள் இருவருக்கும் வால்வு மாற்ற வேண்டி வந்தது. தங்கைக்குத் தமிழ்நாட்டு அட்டை இருந்தது, பத்து நாளில் தனியாரில் ஆபரேஷன் முடிந்தது. அக்காவிடம் ஏழைக் குடும்பம் என்று காட்டும் சிவப்பு ரேஷன் கார்டு இருந்தது. ஆனால் ஆயுஷ்மான் பட்டியல் 2011இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. அதில் இவர்கள் குடும்பத்தின் பெயர் இல்லை. புதுச்சேரியில் மத்திய அரசு நடத்தும் ஜிப்மர் மருத்துவமனையில் பதிந்துவிட்டு நாலு மாதம் காத்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே காத்திருந்தார்.

அன்றைக்கு யாரைக் கேட்டாலும் தங்கைதான் அதிர்ஷ்டசாலி என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்துக் கணக்கு மாறியது. இவர்களைப் போல உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டும். மாதாமாதம் ரத்தம் எடுத்து அளவு பார்த்து, அதற்குத் தகுந்தபடி மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அக்கா ஜிப்மர் வெளிநோயாளி சீட்டோடு மாதம் ஒரு நாள் அது இருக்கும் கோரிமேட்டுக்குப் போய்வந்தார். டாக்டர் மாறினாலும் ஃபைல் அதே ஃபைல். தங்கைக்கு ஆபரேஷனோடு உறவு முடிந்துவிட்டது. பரிசோதனைக்குக் காசு, டாக்டர் ஃபீஸ் காசு, மாத்திரைக்குக் காசு. இடையில் ஒரு மாதம் முடியாமல் விட்டார், கை ஒரு பக்கம் மரத்துப் போய் எங்கள் மேசைக்கு மறுபடி வந்தார். அந்த ரெண்டாவது அட்மிஷனுக்கும் அட்டை பணம் கொடுத்தது. நாலைந்து நூறு ரூபாய் மாத்திரையை யாராவது கொடுத்திருந்தால் அந்த அட்மிஷனே தேவைப்பட்டிருக்காது. அன்றைக்கு ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

இதிலிருந்து அக்காவின் வழியே சிறந்தது என்று நான் முடிவு கட்டவில்லை. நாலு மாதக் காத்திருப்பில் அவர் போயிருக்கவும் கூடும். வேகம் ஒரு திட்டத்திடம் இருக்கிறது, தொடர்ச்சி இன்னொன்றிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே நோயாளிக்கு வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, அதாவது அவரவர் பாலிசி எடுத்துக்கொண்டால் என்ன என்பதற்கு, எனக்கு உறுதியான பதில் இருக்கிறது. முடியாது. நம் ஊர் சீட்டை நினைத்துப் பாருங்கள். எல்லாரும் மாதாமாதம் கட்டினால்தான் சீட்டு ஓடும். அடுத்த மாதமே எடுக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர்கள் மட்டும் சேர்ந்தால் மூன்றாம் மாதம் உடைந்துவிடும். மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். உடம்பு நன்றாக இருக்கும் இளைஞர் எனக்கெதற்கு என்று விலகுவார், சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர் ஓடிவந்து சேருவார். கம்பெனி பிரீமியத்தை ஏற்றும். ஏற்ற ஏற்ற, இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமானவர்கள் வெளியேறுவார்கள். கடைசியில் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களால்தான் வாங்க முடியாது. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 65 வயதுக்கு மேல் பாலிசி இல்லை என்ற தடையை எடுத்தது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பை 4 வருடத்திலிருந்து அதிகபட்சம் 3 வருடமாகக் குறைத்தது. 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிக்கான ஜி.எஸ்.டி.யும் போனது. எல்லாம் நல்லதுதான். இருந்தாலும் 61 வயதில், அடைப்பு வந்த இதயத்தோடு, வெட்டுக் கூலியில் வாழும் ஒருவர் பிரீமியம் கட்டி மூன்று வருடம் காத்திருக்க முடியுமா? 70 வயது ஆனவர்களை வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மானில் சேர்ப்பதை 2024 அக்டோபரில் மத்திய அரசே தொடங்கியது. சந்தை வயதானவர்களைத் தாங்காது என்று அரசுக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

அரசு நுழையாத நாடு எதுவும் உருப்படியாக இதைச் செய்து நான் படித்ததில்லை. வழிகள்தான் வேறு. ஜெர்மனி 1883லேயே தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டும் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கியது. பிரிட்டன் 1948 ஜூலையில் வரிப்பணத்தில் மருத்துவமனைகளையே அரசு எடுத்து நடத்தத் தொடங்கியது. பிரான்ஸ் 1945இல் சமூகப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட புதுச்சேரிக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் வேலைக்குப் போய்விட்டு விடுமுறைக்கு வரும்போது, டாக்டர் ஃபீஸ், மாத்திரைச் செலவில் பெரும்பகுதி அரசுக் காப்பீட்டிலிருந்து திரும்பி வந்துவிடும் என்று சொல்வார்கள். ஒரே தெருவில் அடுத்த வீட்டுக்காரர் மாத்திரையைப் பாதி அட்டையாக நறுக்கி வாங்குவார். பணக்கார நாடு என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். தாய்லாந்து 2002இல், நம்மைப் போலவே விவசாயிகளும் கூலிக்காரர்களும் நிறைந்த காலத்தில், ஒரு முறை போனால் 30 பாட் கட்டணம் என்று வைத்து, வேறு எந்தக் காப்பீட்டிலும் இல்லாத எல்லாரையும் ஒரு திட்டத்துக்குள் கொண்டுவந்தது. வெளிநோயாளியாகப் போவதும் மருந்தும் அதற்குள் இருந்தன.

நம்மிடம் இந்த எல்லா வழியும் துண்டு துண்டாக இருக்கிறது. அரசு மருத்துவமனை இருக்கிறது. 1952 முதல் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு அது வெளிநோயாளி மருத்துவத்தையும் மருந்தையும் கொடுக்கிறது. படுத்துக்கிடந்தால் வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதமும் கொடுக்கிறது. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. தன் ஊழியர்களுக்கென்று மருத்துவமனையே நடத்துகிறது. ஆனால் ஆலைக்குள் கரும்பைப் பிழிபவருக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, வயலில் அதே கரும்பை வெட்டும் உங்கள் அப்பாவுக்குக் கிடையாது. அவருக்குக் கிடைத்தது அட்டை மட்டும். இரண்டு பேருக்கும் ஒரே இதயம்தான்.

அப்படியானால் மருத்துவமனையைக் கட்டட்டுமே, அட்டை எதற்கு? இந்த இடத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823லேயே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1964இல் உருவான ஜிப்மர். 2008இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. கடலூர், விழுப்புரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து அங்கே போய் நிற்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களைப் பார்த்தால், அரசு நல்ல மருத்துவமனையை நடத்தினால் மக்கள் நம்பி வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதே வரிசை இன்னொன்றையும் சொல்கிறது. அப்படி ஒன்று போதாது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை அரசு சுகாதாரத் துறைக்கு மாற்றி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக்கினார்கள். அதற்கு முன்னால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மாணவர்கள் வாரக்கணக்கில் போராடியது நினைவிருக்கும். மாவட்டத்துக்கு அது பெரிய வரவு. ஆனாலும் கட்டடம், டாக்டர், நர்ஸ், ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் எல்லாம் ஒரு வருடத்தில் முளைக்காது. உங்கள் அப்பாவுக்கு நெஞ்சடைத்த ராத்திரிக்கு அட்டைதான் பயன்பட்டது. நெஞ்சு அடைத்தவருக்கு ஒரு மணி நேரம் என்பது பெரிய விஷயம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் இருக்கின்றன. அங்கே அட்டையில் ஆபரேஷன் நடந்தால் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வரும். அதில் கருவி வாங்கலாம், ஒரு பகுதி ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போகும். ஆகவே அட்டைப் பணம் முழுக்கத் தனியாருக்குப் போகிறது என்பது சரியில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பதை மாவட்டவாரியாக ஒவ்வொரு வருடமும் எல்லாரும் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும் என்பது என் ஆசை.

இதில் எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்வது என் கடமை. கர்நாடகத்தில் வாஜ்பாய் ஆரோக்கியஸ்ரீ திட்டம் முதலில் வடக்கு மாவட்டங்களில் மட்டும் வந்தது. திட்டம் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் நடுவே இருந்த எல்லையை ஒட்டிய கிராமங்களை ஒப்பிட்டு 2014இல் ஒரு ஆய்வு வந்தது. திட்டம் இருந்த பக்கத்தில் இதயம், புற்றுநோய் போன்ற நோய்களால் ஏழைகள் இறப்பது நன்றாகக் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கையிலிருந்து போகும் செலவும் குறைந்திருந்தது. ரெட்டிச்சாவடிக்கும் பாகூருக்கும் நடுவே நின்று வேலை பார்த்தவள் என்பதால் அந்த ஆய்வு என் மனதில் பதிந்துவிட்டது. ஆக, அட்டை உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கடனிலிருந்தும் காப்பாற்றுகிறதா என்றால், ஆய்வுகள் ஒரே பக்கம் பேசவில்லை. சத்தீஸ்கரில் ஆயுஷ்மான் வந்த பிறகு செய்த ஆய்வில், அட்டை வைத்திருந்தவர்களும் தனியார் மருத்துவமனையில் கையிலிருந்து காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். உங்கள் 38,000 அந்த ஆய்வின் பக்கம் சேர்கிறது.

இன்னொரு கவலையும் உண்மையானது. ஆபரேஷனுக்குத்தான் பணம் என்றால் தேவையில்லாத ஆபரேஷனும் நடக்கும். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2023இல் உத்தரவு வந்தது. அதே வருடம் வந்த, அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை, ஆயுஷ்மானில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர் ஒரே செல்போன் எண்ணில் பதிவாகியிருப்பதைச் சுட்டிக்காட்டியது. அந்த எண்ணை வைத்து யாரையும் சரிபார்ப்பதில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. விளக்கம் எதுவாக இருந்தாலும், பணம் கட்டுபவர் கண்காணிக்கவும் வேண்டும். கட்டுவதோடு வேலை முடிந்தது என்று இருந்தால், நான் செய்தது போல அட்வான்ஸ் ரசீது எழுதும் கைகள் எல்லா ஊரிலும் இருக்கும்.

இனி அந்த 2,600 ரூபாய்க்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியின் மையமே இதுதான். 38,000 ஒரு தடவை போனது. 2,600 வருடத்துக்கு 31,200, அதுவும் வருடா வருடம். ஆயுஷ்மான் விதிப்படி அனுமதிக்கு முன் 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் வரைக்குமான மருந்தும் பரிசோதனையும் பேக்கேஜுக்குள் அடக்கம். அதற்குப் பிறகு நீங்கள்தான். நாடு முழுக்க மக்கள் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவில் பெரும்பகுதி இப்படிக் கவுன்டரில் கரைகிற மருந்துக் காசுதான். 2013-14இல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதத்தை மக்களே கையிலிருந்து கொடுத்தார்கள் என்றும், 2021-22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது என்றும் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. அந்தக் குறைவு எவ்வளவு உண்மை என்பதில் பொருளாதாரம் படித்தவர்களிடையே சர்ச்சை இருக்கிறது. கோவிட் ஆண்டில் அரசுச் செலவு கூடியதும் அதில் சேர்ந்திருக்கிறது. 39 என்றே வைத்துக்கொண்டாலும், நூற்றில் நாற்பது ரூபாய் நோயாளியின் மடியிலிருந்து வருகிறது.

அட்டை கொடுப்பது மட்டும்தான் அரசின் வேலை என்று நினைத்தால் இந்த இடம் கண்ணில் படாது. விலையைக் கட்டுப்படுத்துவதும் பாதுகாப்புதான். உங்கள் அப்பாவுக்கு வைத்த ஸ்டென்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றுக்கொண்டிருந்த காலம் இருந்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதை 29,600 ரூபாய் என்று கட்டிப்போட்டது. ஒரு அரசாணை, ஒரே நாளில், அட்டை இருப்பவர் இல்லாதவர் எல்லாருக்கும். அதுபோலத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாக அனுப்புகிறது. பல மாநிலங்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. எந்தப் பேப்பரும் பெரிதாக எழுதாத இந்த வேலைகள்தான் குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றுகின்றன என்று நான் நம்புகிறேன்.

இதற்கெல்லாம் பணம் இருக்கிறதா? பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. பணம் திரட்டும் அதிகாரம் பெரும்பாலும் டெல்லியில் இருக்கிறது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. கோவிட் நடுவில் வந்த 2021-22இலேயே அது 1.84 சதவீதம்தான். புதுச்சேரிக்கு இன்னும் சங்கடம். சட்டமன்றம் உண்டு, முழு மாநிலம் இல்லை. கட்டாயம் என்று வரும்போது நீதிமன்றம் பேசியிருக்கிறது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம், பணம் இல்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அவசர சிகிச்சைக்கு அது பொருந்தும். ஆயுள் முழுக்கப் போடும் மாத்திரையை அதே உரிமையாகக் கேட்டுப் பெற முடியுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. கேட்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

உங்களுக்கு உடனே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. மருத்துவமனைக்குப் போய் 38,000க்கும் விவரமான பில் கேளுங்கள், கொடுத்த ரசீதுகளை ஜெராக்ஸ் எடுங்கள். ஒப்புதல் வந்த தேதிக்குப் பிறகு பேக்கேஜுக்குள் வரும் எதற்காவது வாங்கியிருந்தால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993இல் புகார் பதியுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவாகவும் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், மனு எண் வாங்குங்கள். இப்படிப் பணம் திரும்பக் கிடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், கிடைக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். ரசீது இல்லாதவர்களுக்குக் கிடைத்ததே இல்லை.

மாத்திரை விஷயத்துக்கு, டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய் இதய வெளிநோயாளிப் பிரிவில் பதியுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக எழுதும் ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் போன்றவை அரசு மருத்துவமனைகளில் கொடுக்கும் மருந்துகள்தான். அங்கே இல்லாத ஏதாவது ஒன்றிரண்டு இருந்தால், டாக்டரிடம் அதே மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அதை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பாருங்கள். பிராண்ட் மாத்திரையின் விலைக்கும் அதற்கும் உள்ள தூரம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். டாக்டரைக் கேட்காமல் எதையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். கையில் இருக்கும் மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். வரிசையிலோ ஸ்டாக்கிலோ ஒரு நாள் தள்ளிப்போனாலும், ஸ்டென்ட் வைத்த முதல் வருடத்தில் க்ளோபிடோகிரெல் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது.